இரண்டு பீரோ, மூன்று கட்டில், இரண்டு அறை

ஸ்ரீரங்கத்தில் நாங்கள் குடியிருக்கும் அடுக்ககம் முதல் மாடியில் உள்ளது; இரண்டு படுக்கையறைகளும் ஒரு கூடமும் கொண்டது. நானும் என் மனைவியும் பெரிய அறையிலும், பன்னிரண்டாம் வகுப்புப் படிக்கும் மகள் சின்ன அறையிலும் இருந்தவரை இடப்பிரச்சினை என்று எதுவும் எழவில்லை. முழங்கால் வலியால் வாக்கர் பிடித்து நடக்கத் தொடங்கிய அம்மாவை முசிறியிலிருந்து இங்கேயே நிரந்தரமாக அழைத்து வந்தபோது, அவருடைய கட்டிலும் இரும்பு பீரோவும் உடன் வந்தன. ஆக, இரண்டு அறைகளுக்குள் மூன்று கட்டில்களும் இரண்டு பீரோக்களும் நிற்க வேண்டும். அம்மா இரவில் எழுந்து கழிவறைக்குப் போகும் வழியில் எதுவும் குறுக்கிடக் கூடாது. இப்போது எல்லாம் ஓர் ஒழுங்குக்கு வந்திருக்கின்றன என்பதால், அளவுகளோடும் செலவோடும் இதைப் பதிந்து வைக்கிறேன்.

குளியலறை பெரிய அறையோடு சேர்ந்திருப்பதால் அந்த அறை அம்மாவுக்கு என்பதில் விவாதமே இல்லை. இரவில் துணைக்கு ஆள் வேண்டும் என்பதால் மகளின் கட்டிலும் அங்கேயே போக, நாங்கள் இருவரும் எங்கள் ஐந்தடிக் கட்டிலோடு சின்ன அறைக்கு மாற வேண்டும். இதைச் சொல்வது எளிது. பெரிய அறை 11 அடி 2 அங்குலத்துக்கு 10 அடி. சின்ன அறை 10 அடிக்கு 8 அடி. பெரிய அறையிலிருந்து பெரிய கட்டிலை எடுத்துச் சின்ன அறையில் போடுவதுதான் இந்தக் கணக்கின் சிக்கலே.

அளப்பதற்கு 5 மீட்டர் டேப் ஒன்று போதுமானதாக இருந்தது. அடியும் அங்குலமுமாக எழுதினால் கூட்டும்போது பிசகும். ஆகவே எல்லாவற்றையும் அங்குலத்திலேயே எழுதினேன். பெரிய அறை 134-க்கு 120, சின்ன அறை 120-க்கு 96. சுவரைத் தரையை ஒட்டி ஒரு முறையும் இடுப்பு உயரத்தில் ஒரு முறையும் அளக்க வேண்டும். ஏனெனில் தரையை ஒட்டிப் பதித்திருக்கும் ஸ்கர்ட்டிங் டைல்ஸ் ஒவ்வொரு பக்கமும் அரை அங்குலம் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும், கட்டில் காலும் பீரோ காலும் அந்த டைல்ஸில் முட்டித்தான் நிற்கும். மூலைக்கு மூலை குறுக்காகவும் அளந்தேன். பெரிய அறையின் இரண்டு குறுக்களவுகளும் ஒன்றரை அங்குலம் வேறுபட்டன. அறை முழுச் செவ்வகமாக இல்லை என்பது அதன் பொருள். இதுபோன்ற இடத்தில் இரண்டு அளவுகளில் சிறியதையே கணக்கில் எடுப்பது நல்லது.

சுவரை அளந்தபின் சுவரில் உள்ளவற்றை அளந்தேன். பெரிய அறைக்குக் கூடத்திலிருந்து வரும் கதவு கிழக்குச் சுவரின் வடக்குக் கோடியில் உள்ளது. அதன் பலகை 33 அங்குலம், அறைக்குள் திறந்து வடக்குச் சுவரோடு சாய்கிறது. குளியலறைக் கதவு வடக்குச் சுவரின் மேற்குப் பகுதியில் உள்ளது. அது குளியலறைக்குள் திறப்பதால் இந்த அறையில் இடம் கேட்கவில்லை. அதன் நிலைக்குள் கிடைக்கும் தெளிவான அகலம் 28 அங்குலம், அம்மாவின் வாக்கர் 24 அங்குலம். மேற்குச் சுவரில் நாலடி ஜன்னல். தெற்குச் சுவர் வெறுமையாக இருக்கிறது, அதன் மேலே 7 அடி உயரத்தில் லாஃப்ட். தென்மேற்கு மூலையில் கட்டடத்தின் தூண் தெற்குச் சுவரைவிட நாலரை அங்குலம் உள்ளே துருத்திக்கொண்டிருக்கிறது. பெயின்ட் ஒரே நிறமாக இருப்பதால் இந்தத் துருத்தல் கண்ணுக்குப் பெரிதாகத் தெரியாது, டேப்புக்குத்தான் தெரியும்.

பொருள்களை அளக்கும்போது கவனிக்க வேண்டியது கட்டிலின் வெளி அளவு. கடையில் ஐந்தடிக் கட்டில் என்று சொல்வது 78-க்கு 60 மெத்தைக்கான அளவு. எங்கள் மரக்கட்டிலோ சட்டமும் தலைமாட்டுப் பலகையும் சேர்ந்து 82-க்கு 63 வந்தது. எட்டடி அறையில் அந்த மூன்று அங்குலம் சின்ன விஷயமல்ல. ஒற்றைக் கட்டில்கள் இரண்டும் வெளி அளவில் 76-க்கு 38. பீரோ இரண்டும் வழக்கமான அளவு: உயரம் 78, அகலம் 36, ஆழம் 19.

வரைவதற்கு ஏ3 அளவு மில்லிமீட்டர் கிராப் தாள் வாங்கினேன். தரையில் ஓர் அங்குலத்துக்குத் தாளில் 2 மில்லிமீட்டர், அதாவது இரண்டு சின்னக் கட்டங்கள் என்று வைத்துக்கொண்டால், பெரிய அறை 268-க்கு 240 மில்லிமீட்டராகத் தாளில் அடங்கிவிடுகிறது. 17 அடி நீளக் கூடமும் அதே அளவுத் தாளில் 408 மில்லிமீட்டராக உட்கார்ந்துவிடும். பொருள்களுக்குக் கெட்டியான அட்டை வேண்டும். வீட்டில் சேர்ந்திருந்த கல்யாணப் பத்திரிகைகள் அதற்கு உதவின.

முதலில் பொருள்களை அவற்றின் மூடிய அளவில் மட்டும் வெட்டி அடுக்கியபோது, எல்லாமே இரண்டு அறைகளிலும் தாராளமாகப் பொருந்தின. நம்ப முடியாத அளவுக்குப் பொருந்தின. பிறகு ஒவ்வொரு பொருளும் பயன்பாட்டில் இருக்கும்போது கேட்கும் இடத்தையும் சிவப்புப் பென்சிலால் வரைந்து அட்டையோடு சேர்த்து ஒட்டினேன். பீரோவின் ஆழம் 19 அங்குலம்தான். ஆனால் இரண்டு கதவுகளும் ஆளுக்கு 18 அங்குலம். திறந்தால் ஆழம் 37 ஆகிறது. திறந்த கதவுகளுக்கு முன்னால் நின்று புடவை எடுக்க ஓர் ஆளுக்கு 24 அங்குலம் வேண்டும். ஆக, பீரோ என்பது 19 அங்குலப் பொருள் அல்ல, 61 அங்குலப் பொருள். அறைக் கதவு என்பது சுவரில் உள்ள ஓட்டை அல்ல, 33 அங்குல ஆரமுள்ள கால்வட்டம். நாற்காலி மேசையிலிருந்து பின்னால் தள்ளப்பட்ட நிலையில்தான் நாற்காலி. சிவப்புப் பகுதிகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறினால், அந்த இரண்டு வேலைகளும் ஒரே நேரத்தில் நடக்கக் கூடாது என்று அர்த்தம். அது வீட்டுக்கு வீடு முடிவு செய்ய வேண்டியது. நடைவழி மட்டும் சிவப்பின் மேல் ஏறவே கூடாது என்று வைத்துக்கொண்டேன். சக்கர நாற்காலிக்குக் கட்டட வழிகாட்டிகள் 90 செ.மீ., அதாவது ஏறத்தாழ 36 அங்குல வழியைக் கேட்கின்றன. இன்று தேவை வாக்கருக்கு மட்டும்தான் என்றாலும் அந்த 36-ஐயே குறைந்தபட்சமாக எடுத்துக்கொண்டேன்.

பெரிய அறைக்கு நான் விரும்பிய ஏற்பாடு வேறு. இரண்டு ஒற்றைக் கட்டில்களையும் தெற்குச் சுவரில் தலைமாடு வைத்து, நடுவில் இடைவெளி விட்டுப் போடுவது. பீரோவை வடக்குச் சுவரில், இரண்டு கதவுகளுக்கும் இடையே நிறுத்துவது. மருத்துவமனை வார்டு போல ஒழுங்காகத் தெரிந்தது. ஆனால் 120 அங்குல அகலத்தில் இரண்டு கட்டில்களும் 76 அங்குலத்தை எடுத்துக்கொண்டால் மிச்சம் 44. அதைக் கட்டில்களுக்கு நடுவிலும் மேற்குச் சுவர்ப் பக்கத்திலும் சமமாகப் பிரித்தால் இரண்டு பக்கமும் 22. வாக்கரின் அகலம் 24. இரண்டு அங்குலத்தில் இரண்டு வழிகளும் பயனற்றுப் போய்விட்டன. அதே 44-ஐ ஒரே இடத்தில் விட்டால், அது சக்கர நாற்காலியே போகக்கூடிய வழி. இந்த வேலை முழுவதிலும் திரும்பத் திரும்ப எனக்குக் கைகொடுத்த கணக்கு இதுதான்: இடம் குறைந்த எந்த அறையிலும் மிஞ்சும் இடத்தைப் பங்கு போடவே கூடாது.

அம்மாவுக்கோ என் கணக்குக்கு முன்பே ஒரு கணக்கு இருந்தது. பீரோ கன்னி மூலையில், அதாவது தென்மேற்கில், வடக்கு பார்த்து நிற்க வேண்டும். வடக்கே தலை வைத்துப் படுக்கக் கூடாது. இந்த இரண்டையும் தவிர வேறு நிபந்தனை எதையும் அவர் வைக்கவில்லை. வாஸ்துவில் எனக்கு அக்கறை இல்லை; ஆனால் அந்த அறையில் இனி வாழப்போகிறவர் அவர். அவர் சொன்னபடியே அட்டைகளை வைத்துப் பார்த்தபோது எல்லாமே தானாக இடம் பிடித்தன. பீரோ தென்மேற்கு மூலையில். மகளின் கட்டில் கிழக்குச் சுவரை ஒட்டி, அதை ஒட்டியே அம்மாவின் கட்டில், இரண்டுக்கும் தலைமாடு தெற்கே. ஸ்கர்ட்டிங் போக, மேற்குப் பக்கம் நாற்பத்து மூன்றரை அங்குல வழி முழுதாகக் கிடைத்தது. அம்மா கட்டிலின் மேற்கு விளிம்பில் எழுந்து உட்கார்ந்தால், அங்கிருந்து குளியலறைக் கதவு நேர் வடக்கே ஏழடி தூரம். திரும்ப வேண்டிய இடமே இல்லை. மகள் கால்மாட்டுப் பக்கமாக ஏறிப் படுத்துக்கொள்வாள்.

இந்த அமைப்பில் இன்னொரு நன்மையும் கிடைத்தது. திருச்சியின் சித்திரை வெயிலில் மேற்கு ஜன்னல் வழியாக வரும் சாயங்கால வெயில் இப்போது நடைவழியில்தான் விழுகிறது, மெத்தையில் விழுவதில்லை. மின்விசிறி மாட்டும் கொக்கி அறையின் நடுவில் இருப்பதால் இறக்கைகள் கட்டில்களின் கால்மாட்டுக்கு மேலே சுற்றுகின்றன. முகத்தில் நேரடியாகக் காற்று அடிக்கிறது என்ற அம்மாவின் வழக்கமான புகாரும் இல்லை.

தாளில் முடிந்ததைத் தரையில் சரிபார்க்க மாஸ்கிங் டேப் ஒட்டினேன். காலியான தரையில் கட்டிலின் நாலு மூலைகளையும் பீரோவின் திறந்த கதவையும் டேப்பால் குறித்துவிட்டு, அம்மாவை வாக்கரோடு நடக்கச் சொன்னோம். அப்போதுதான் தூண் கணக்கில் வந்தது. பீரோவைச் சுவரோடு சுவராக வரைந்திருந்தேன். உண்மையில் அது தூணில் முட்டி நாலரை அங்குலம் வடக்கே தள்ளி நிற்கும். திறந்த கதவின் முனை சுவரிலிருந்து 37 அங்குலத்தில் இல்லாமல் நாற்பத்தொன்றரையில் முடியும். அதனால் அம்மா எழுந்து உட்காரும் இடத்துக்கு இடைஞ்சல் வராது என்று தெரிந்தபின்தான் அடுத்த வேலைக்குப் போனோம். பீரோவை மேற்குச் சுவரிலிருந்தும் இரண்டு அங்குலம் தள்ளி நிறுத்த வேண்டும். இல்லாவிட்டால் மேற்குப் பக்கக் கதவு 90 பாகைக்கு மேல் திறக்காமல் உள் லாக்கரின் இழுப்பறையை மறிக்கும். இதெல்லாம் போக, பீரோவுக்கும் அம்மாவின் கட்டிலுக்கும் இடையே ஐந்தரை அங்குல இடுக்கு ஒன்று மிஞ்சியது. மடித்த வாக்கர் அதில் சரியாக நிற்கிறது; படுத்தபடியே கையை நீட்டி அம்மா அதை எடுத்துக்கொள்கிறார். இதை நான் திட்டமிடவில்லை.

பீரோவும் கட்டிலும் முசிறியிலிருந்து குட்டியானை என்னும் சிறு சரக்கு வண்டியில் வந்தன. இரும்பு பீரோ எழுபது கிலோவுக்கு மேல் இருக்கும். மாடிப்படியில் படுக்கவைத்துத் தூக்கி வந்தவர்கள், அறை மூலையில் லாஃப்டுக்குக் கீழேயே அதை நிமிர்த்தப் போனார்கள். நடு அறையில் நிமிர்த்தினால் மூலைவரை தரையில் இழுக்க வேண்டியிருக்கும் என்பது அவர்கள் வாதம், அது நியாயம்தான். ஆனால் எந்தப் பக்கமாகச் சாய்த்து நிமிர்த்துகிறோம் என்பதைப் பொறுத்து அதற்குத் தேவையான உயரம் மாறும். பீரோவை முதுகுப் பக்கம் படுக்கவைத்து நிமிர்த்தினால், 78 உயரத்துக்கும் 19 ஆழத்துக்கும் உரிய மூலைவிட்டம் 80.3 அங்குலம். பக்கவாட்டில் படுக்கவைத்து நிமிர்த்தினால், 78-க்கும் 36-க்கும் உரிய மூலைவிட்டம் ஏறத்தாழ 86. லாஃப்டின் அடிப்பக்கம் தரையிலிருந்து 84 அங்குலம். பிடிக்கச் சௌகரியம் என்று அவர்கள் பக்கவாட்டில்தான் கிடத்தியிருந்தார்கள். முதுகுப் பக்கமாகப் புரட்டி நிமிர்த்தச் சொன்னேன். மூன்றரை அங்குலத்துக்குச் சற்று மேலான இடைவெளியோடு, லாஃப்டில் தட்டாமல் எழுந்து நின்றது.

சின்ன அறைதான் நீண்ட நேரம் பிடித்தது. வடக்கு தெற்காக 120, கிழக்கு மேற்காக 96. அறைக் கதவு கிழக்குச் சுவரின் வடக்குக் கோடியில் இருக்கிறது. பலகை 33 அங்குலம், திறந்து வடக்குச் சுவரோடு சாயும். கட்டிலின் தலைமாடு தெற்கே என்றால், 82 அங்குல நீளம் போகக் கால்மாட்டில் 38 அங்குலம் மிஞ்சும். அகலத்தில் 96-லிருந்து 63 போனால் 33. இதையும் இரண்டாகப் பிரித்துக் கட்டிலை நடுவில் போட என் மனைவிக்கு விருப்பம். ஆனால் இரு பக்கமும் பதினாறரை அங்குலம் என்பது ஒருவர் பக்கவாட்டில் நண்டு நடை நடக்கக்கூடிய அளவு. ஆகவே கட்டில் மேற்குச் சுவரோடு ஒட்டியது. சுவர்ப்பக்கம் படுப்பவர் நான் என்று ஒப்பந்தம் ஆயிற்று.

எங்கள் பீரோவுக்கு இடம் எங்கே? கட்டிலின் பக்கவாட்டில் உள்ள 33 அங்குல வழியில் நிறுத்தினால் 14 மிச்சம், கதவே திறக்காது. கால்மாட்டில் வடக்குச் சுவரோடு, கட்டிலைப் பார்த்தபடி நிறுத்தினால், 38-ல் 19 போக 19 மிஞ்சும். 18 அங்குலக் கதவு திறந்துவிடும், ஆனால் நிற்க இடம் இருக்காது. கட்டிலின் மேல் மண்டியிட்டுத்தான் சட்டை எடுக்க வேண்டும். பீரோவை விற்றுவிட்டுச் சுவரில் ப்ளைவுட் அலமாரி அடிக்கலாமா என்று தச்சரிடம் விலைகூடக் கேட்டாகிவிட்டது.

வழி காட்டியது சிவப்பு அட்டைதான். கால்மாட்டுப் பட்டையின் அகலம் 38 என்றாலும் அதன் நீளம் 96. பீரோவை வடக்குச் சுவரோடு வைக்காமல், அந்தப் பட்டையின் மேற்குக் கோடியில், மேற்குச் சுவரில் முதுகு வைத்து, கிழக்கு பார்த்துத் திருப்பி நிறுத்தினால், அது பட்டையின் நீளத்தை நோக்கித் திறக்கும். பீரோவின் அகலம் 36, பட்டையின் அகலம் இரு பக்க ஸ்கர்ட்டிங்கும் போக 37. கால்மாட்டுப் பலகைக்கும் பீரோவுக்கும் இடையே ஓர் அங்குலம் கிடைக்கிறது. நீளவாக்கில் 19 ஆழம், 18 கதவு, 24 நிற்க, ஆக 61. எதிர்க் கோடியில் அறைக் கதவின் கால்வட்டத்துக்கு 33. மொத்தம் 94, இருப்பது 96. மேற்குச் சுவரின் ஸ்கர்ட்டிங்குக்கு அரை அங்குலம் கழித்தாலும் ஒன்றரை மிஞ்சும். ஒருவர் பீரோவைத் திறந்து நிற்கும்போதே இன்னொருவர் அறைக் கதவைத் திறந்து உள்ளே வரலாம். தாளில் அட்டையை ஒரே ஒரு தடவை 90 பாகை திருப்பியதில் கிடைத்தது இது. பொருளைச் சுவருக்கு ஏற்ப நிறுத்தும் பழக்கம் நம்மிடம் ஊறிப்போயிருக்கிறது. அது எதை நோக்கித் திறக்கிறது என்று பார்த்தால் எட்டடி அறையிலும் வழி பிறக்கிறது.

அம்மா மட்டும், “வாயு மூலையிலயா பீரோ? பணம் தங்காதுப்பா” என்றார். வாயு மூலை என்பது வடமேற்கு. நகையும் பத்திரமும் அவருடைய கன்னி மூலைப் பீரோவுக்கு மாறின. எங்கள் பீரோவில் துணிமணி மட்டும்தான் என்றதும் ஒப்புக்கொண்டார்.

தாளில் பொருந்தியது அறைக்குள் நுழையுமா என்பது தனிக் கேள்வி. சின்ன அறைக் கதவின் அகலத்தில் 36 அங்குலப் பீரோ நேராக நுழையாது. 19 அங்குல ஆழத்தைக் குறுக்காக வைத்து, பக்கவாட்டில்தான் நுழையும். நுழைந்தபின் உள்ளே 90 பாகை திரும்ப வேண்டும். பீரோவின் அடிப்பரப்பு 36-க்கு 19. அதன் மூலைவிட்டம் 40.7 அங்குலம். கட்டில் போட்டபின் இருக்கும் பட்டையோ 37. கட்டிலை முதலில் பூட்டிவிட்டு பீரோவைக் கொண்டுவந்ததால், அது பட்டையின் நடுவில் கோணலாகச் சிக்கி நின்றது. கட்டிலின் போல்ட்டுகளைக் கழற்றி, கால்மாட்டுப் பலகையையும் பக்கச் சட்டங்களையும் எடுத்துச் சாய்த்துவைத்து, பீரோவைத் திருப்பி மூலையில் சேர்த்தபின் கட்டிலை மீண்டும் பூட்டினோம். வரிசை மாறாமல் இருந்திருந்தால் அரை மணி நேர வேலை. பீரோவின் கால்களுக்கு அடியில் நனைத்து மடித்த கோணிச் சாக்கைப் போட்டு இழுத்ததால் டைல்ஸில் கீறல் விழவில்லை. உள்ளே ஒரு துணிகூட இல்லாமல் காலி செய்து, கதவைப் பூட்டி, சாவியை எடுத்துவிட்டுத்தான் நகர்த்த வேண்டும். இழுக்கும்போது கதவு திறந்துகொண்டால் பாரம் முன்னால் சாயும்.

அம்மாவின் கட்டில் தாழ்வாக இருந்தது. மெத்தையோடு சேர்த்து உட்காரும் உயரம் 17 அங்குலம். அதிலிருந்து எழும்போது முழங்காலில் பாரம் முழுதும் விழுகிறது. காந்தி மார்க்கெட் பக்கம் ப்ளாஸ்டிக் கட்டைகள் கிடைத்தாலும், கால் வழுக்கிவிடும் என்ற பயத்தால் தச்சரைக் கொண்டு தேக்குத் துண்டுகளில் நாலு கட்டைகள் செய்தோம். ஐந்தங்குலச் சதுரம், இரண்டரை அங்குல உயரம்; மேல்புறம் கட்டில் காலின் அளவுக்கு அரை அங்குல ஆழத்தில் குடைந்தது. கால் அந்தக் குழியில் இறங்கி நிற்பதால் நகராது. உயரம் நிகரமாக இரண்டு அங்குலம் கூடி 19 ஆயிற்று. பக்கத்தில் ஒட்டியிருக்கும் மகளின் கட்டில் இப்போது இரண்டு அங்குலம் தாழ்வு. அதைச் சமப்படுத்தத் தேவையில்லை என்று விட்டுவிட்டோம். அந்தச் சிறு படி, இரவில் தூக்கக் கலக்கத்தில் எது தன் கட்டில் என்று அம்மாவின் கைக்குச் சொல்கிறது. முசிறியில் அவர் காலமெல்லாம் வலப்பக்கமாக இறங்கிப் பழகியவர், இங்கே இடப்பக்கம். முதல் சில இரவுகளில் பேத்தியின் மேல் கையை ஊன்றி எழுப்பிவிட்டார். பிறகு பழகிவிட்டது.

சுவிட்ச் போர்டு கிழக்குச் சுவரில், அறைக் கதவை ஒட்டி இருக்கிறது. அம்மாவின் தலைமாட்டிலிருந்து அது எட்டாத தூரம். எலெக்ட்ரீஷியன் தெற்குச் சுவரில் ஒயரை மூடும் பிவிசி கேசிங் ஓட்டி, அம்மாவின் கைக்கு எட்டும்படி தரையிலிருந்து 30 அங்குல உயரத்தில், ஒரே விளக்கை இரண்டு இடங்களிலிருந்தும் போட்டு அணைக்க உதவும் டூ-வே சுவிட்ச் ஒன்று வைத்தார். அதே ஒயரில், நடைவழியின் மேற்குச் சுவரில் தரையிலிருந்து ஓர் அடி உயரத்தில் சின்ன எல்இடி விளக்கு ஒன்று. கட்டில்களைப் போடுவதற்கு முன்பே இதைச் செய்திருந்தால், மகளின் கட்டிலின் மேல் நின்று துளை போட வேண்டியிருந்திருக்காது. சுவர்த் தூசி மெத்தையிலும் விழுந்திருக்காது.

படிப்பு மேசை விஷயத்தில் கிராப் தாள் கைகொடுக்கவில்லை. பெரிய அறையின் வடக்குச் சுவரில், குளியலறை நிலைக்கும் அறைக் கதவின் வீச்சுக்கும் இடையே 42 அங்குலம் இருக்கிறது. மகளின் மேசையும் 42. கச்சிதம் என்று போட்டோம். மேசையின் ஆழம் 24 போகக் கட்டிலின் கால்மாடு வரை 34 அங்குலம் மிஞ்சியது. மகள் உட்கார்ந்தபின் பின்னால் கிடைப்பது 12 அங்குலம்கூட இல்லை. கூடத்திலிருந்து காபி கொண்டு வருபவர் அவளை எழுப்பாமல் அம்மாவிடம் போக முடியாது. இதையாவது அளவில் பிடித்திருக்கலாம். விளக்கை எந்த அட்டையிலும் வரைய முடியாது. அம்மா ஒன்பது மணிக்குப் படுப்பவர், மகள் பதினொன்று வரை படிப்பவள். மேசை விளக்கைச் சுவர்ப்பக்கம் திருப்பியும், மூடாக்கு போட்டும் பார்த்தோம். வெள்ளைச் சுவரில் பட்டு வரும் வெளிச்சமே போதுமாக இருந்தது, அம்மாவைத் தூங்கவிடாமல் செய்ய. ஒன்பதுக்கு மேல் விழித்திருக்கும் வேலை எதுவும் அந்த அறையில் இருக்கக் கூடாது என்று முடிவாகி, மேசை கூடத்துக்குப் போயிற்று.

கூடம் 204-க்கு 120. அங்கே பெரிய மாற்றம் ஏதும் இல்லை. பால்கனி ஓரத்தில் மேசையைச் சுவர் பார்த்துப் போட்டு, 43 அங்குல டிவியை அவள் முதுகுக்குப் பின்னால் வரும் சுவருக்கு மாற்றினோம். சோபாவின் ஆழம் 34, டிவி பெட்டியின் ஆழம் 14. நடுவே ஆறடி வழி இருக்கிறது. சாப்பாட்டு மேசையைச் சமையலறைப் பக்கச் சுவரோடு நீளவாக்கில் ஒட்டியாயிற்று. அதனால் நாலு பேர் உட்கார்ந்த மேசையில் இப்போது மூன்று பேர். அம்மா வாக்கரை ஓரமாக நிறுத்திவிட்டு உட்காரக் கால்வழி கிடைக்கிறது. தரைவிரிப்புகளையும் மிதியடிகளையும் நடைவழியிலிருந்து எடுத்துவிட்டோம், குளியலறை வாசலில் ரப்பர் அடி உள்ள ஒன்றைத் தவிர.

செலவுக் கணக்கு: முசிறியிலிருந்து குட்டியானை வாடகை 1,800 ரூபாய், ஏற்றி இறக்கி மாடியில் சேர்த்தவர்களுக்கு 1,600, தச்சருக்கு ஒரு நாள் கூலி 1,300, தேக்குத் துண்டுக்கு 450, எலெக்ட்ரீஷியன் கூலி 900, கேசிங், ஒயர், சுவிட்ச், விளக்கு எல்லாம் 640, டேப், கிராப் தாள், மாஸ்கிங் டேப், நாற்காலிக் கால்களுக்கு ஒட்டும் ஃபெல்ட் வட்டங்கள் சேர்த்து 460. ஆகமொத்தம் 7,150. ப்ளைவுட் அலமாரிக்குத் தச்சர் சொன்ன விலை மட்டுமே இதைப்போல மூன்று மடங்குக்கு மேல்.

அடுத்த முறை இதைச் செய்தால் வரிசையை மாற்றுவேன்: முதலில் மின்வேலை, பிறகு பீரோக்கள், கடைசியில்தான் கட்டில்கள். அட்டைகளை ஆரம்பத்திலேயே திறந்த அளவில் வெட்டுவேன். தூணை முதல் கோட்டிலேயே வரைவேன். அறையில் யார் எத்தனை மணிக்கு விளக்கை அணைக்கிறார்கள் என்று ஒரு வரி எழுதிக்கொள்வேன். பீரோவின் முதுகுக்கும் தெற்குச் சுவருக்கும் இடையே உள்ள நாலரை அங்குலத்தில் கரப்பான் குடிபுகாமல் இருக்க, அதன் பக்கவாட்டை மூடும் பலகை ஒன்றைத் தச்சர் வந்த அன்றே வெட்டி வாங்கியிருக்கலாம். அது இன்னும் பாக்கி.

அடுத்த ஆண்டு மகள் கல்லூரி விடுதிக்குப் போனால் அவளுடைய கட்டில் காலியாகும். அப்போது அம்மாவின் கட்டிலைக் கிழக்குச் சுவர்ப்பக்கம் தள்ளி அறையை விசாலமாக்கலாம் என்ற பேச்சு இப்போதே வீட்டில் எழுந்திருக்கிறது. தாளில் வைத்துப் பார்த்தேன். தள்ளினால் குளியலறைக்கு நேராக இருக்கும் வழி கோணல் வழியாகிவிடும். இரவில் பிடித்து நடக்கச் சுவரும் இருக்காது, தலைமாட்டுச் சுவிட்ச்சும் கைக்கு எட்டாது. ஆகவே அம்மாவின் கட்டில் இருக்கும் இடத்திலேயே இருக்கும். மகளின் கட்டில் போனபின் கிழக்கே கிடைக்கும் 38 அங்குலத்தில், துணைக்குப் படுப்பவருக்கு மடக்குக் கட்டில் ஒன்று வாங்குவதாக இருக்கிறோம்.